ப்ராஜெக்ட் சொதப்பினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆர்டுயினோ போர்டு வாங்கி, வீடியோ பார்த்து ஒயரிங் முடித்து, பவர் கொடுத்தால் எல்.இ.டி. எரியவில்லை. பதற்றத்தில் பலரும் ஒயரை மாற்றுவார்கள், புரோகிராமை மாற்றுவார்கள், ‘போர்டே போச்சு’ என்று புதிதாக ஒன்றை ஆர்டரும் போட்டுவிடுவார்கள். ஒருவழியாக எரிந்துவிட்டாலும், எது தப்பு என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த ப்ராஜெக்டிலும் அதே தப்பு காத்திருக்கும்.

தப்பிலிருந்து கத்துக்கணும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்களின் பட்டறையில் அதற்குப் பதில் இருக்கிறது.

என்ன சொதப்பியது?

வில்பர், ஆர்வில் ரைட் இருவரும் 1901-ல் செய்த கிளைடரின் இறக்கைப் பரப்பு 290 சதுர அடி. அன்றைக்குக் கிடைத்த அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள். ஆனால், வட கரோலினாவின் கிட்டி ஹாக் அருகே மணல்மேட்டில் பறக்கவிட்டபோது, எதிர்பார்த்த தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. மனம் வெறுத்துத்தான் ஊர் திரும்பினார்கள்.

அடுத்து என்ன செய்தார்கள்?

உடனே இன்னொரு கிளைடர் செய்யவில்லை. ‘செஞ்சது தப்பா, கணக்கே தப்பா?’ என்று பிரித்துப் பார்த்தார்கள். 6 அடி நீள மரப்பெட்டி, ஒரு முனையில் விசிறி. இதுதான் அவர்களின் காற்றுச் சுரங்கம். விசையை அளக்கும் தராசை ஹாக்சா பிளேடு, சைக்கிள் ஸ்போக் கம்பி ஆகியவற்றைக் கொண்டே செய்தார்கள். சுமார் 200 குட்டி இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். கிளைடரில் எடுத்த அளவுகளையும் மறுபடி சரிபார்த்தார்கள்.

இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. காற்றழுத்தக் கணக்கில் நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கிய 0.005 என்ற எண்ணே அதிகம். சரியான மதிப்பு சுமார் 0.0033. இறக்கை நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால் பலன் கூடும்.

1902 கிளைடர் நன்றாகவே பறந்தது. ஆனால், திரும்பும்போது சில நேரம் சரிந்து, இறக்கை நுனி மணலில் குத்தியது. அதற்காக கிளைடரையே கைவிடவில்லை. அசையாமல் இருந்த வால் துடுப்பைத் திரும்பக்கூடியதாக மாற்றினார்கள். சிக்கல் தீர்ந்தது.

உங்கள் மேசையில் எப்படி?

• எதையும் கழற்றும் முன் மல்டிமீட்டரை வைத்து, வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள்.

• ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்.இ.டி.யின் நீளமான கால் பாசிட்டிவ் பக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு புரோகிராமைத் தொடலாம்.

• எல்.இ.டி. கருகிவிட்டதா? புதிதாக மாட்டும் முன், ரெசிஸ்டர் போட்டிருந்தீர்களா என்று பாருங்கள். 5 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்.இ.டி.க்கு 220 ஓம் சரியாக இருக்கும்.

• எதை மாற்றினீர்கள், என்ன ஆனது? ஒரு வரி எழுதிவையுங்கள்.

இப்படிச் செய்தால் தப்பே வராதா?

வரும். 1903 டிசம்பர் 14-ல் இன்ஜின் பொருத்திய விமானத்தைக் கிளப்பிய வில்பர், மூக்கை அதிகமாகத் தூக்கிவிட்டார். மூன்றரை விநாடியில் அது மணலில் விழுந்தது. காரணம் தெரிந்திருந்ததால் டிசைனை மாற்றவில்லை. உடைந்ததை மட்டும் சரிசெய்தார்கள். டிசம்பர் 17 அன்று அதே விமானத்தில் ஆர்வில் 12 விநாடிகள், 120 அடி தூரம் பறந்தார்.