எந்தத் தெருவுக்கு முதலில் வண்டி வரும்?

மனு எழுதுவது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் நடக்கும்போது கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருப்பேன். மற்ற நாட்களில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைத் திண்ணை. பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டும் கை தானாகவே ஒரே வரியை எழுதும். ‘பொருள்: பாதாளச் சாக்கடை அடைப்பு நீக்கக் கோருதல் – தொடர்பாக.’ வெளியூர்க்காரர்களுக்குக் காஞ்சிபுரம் என்றால் கோயில், பட்டு, குடலை இட்லி. எனக்கு அது இந்த ஒரு வரி.

போன மழைக்காலத்தில் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். உட்காரக்கூட இல்லை.

“தறிக்குள்ள தண்ணி பூந்துடுச்சுண்ணா. நாலு நாளா நெய்யல.”

“மழைத்தண்ணியா, சாக்கடையாம்மா?”

“வாசல்ல மூடி தூக்கிட்டு வருது. எதுன்னு எழுதுவீங்களோ எழுதுங்க.”

இது ஏன் பெரிய விஷயம் என்று தறி பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே பழைய வீடுகளில் பெரும்பாலும் குழித்தறிதான். தரையில் பள்ளம் தோண்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து மிதிக்க வேண்டும். தெருவில் தண்ணீர் அரை அடி ஏறினால் முதலில் நிறைவது அந்தக் குழி. தண்ணீரை மொண்டு ஊற்றிவிடலாம். ஈரத்தை என்ன செய்வது? பாவில் ஈரம் ஏறினால் இழை ஒன்றோடொன்று ஒட்டும், அறும். ஒரு பாவு பொதுவாக மூன்று சேலைக்கு. கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான். சும்மா இருந்த நாளுக்கு யாரும் தருவதில்லை. 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு சேலைக்குத்தான்; குழிக்குள் வரும் தண்ணீருக்கு மாநகராட்சியிடம்தான் போக வேண்டும்.

தெருவும் எங்களுக்கு நடக்க மட்டும் இல்லை. விடியற்காலையில் நெசவாளர் தெருக்களில் பாவு நீட்டுவார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பட்டு இழை கட்டி, சிக்கெடுத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்ட வேண்டும். தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு மூன்று மாதம் மூடாமல் விட்டால், ஊரார் பார்வைக்கு அது மோசமான ரோடு. அவர்களுக்குப் பட்டறையே பூட்டிய மாதிரி. சாலைப்பணி பற்றி மனு எழுதும்போது இந்த ஒரு வாக்கியத்தை நான் தவறாமல் சேர்ப்பேன். படிக்கிற அதிகாரி வெளியூர்க்காரராக இருக்கலாமே.

சரி, சாக்கடை ஏன் அடைக்கிறது? ஊர் தட்டை. சாக்கடைத் தண்ணீர் தானாக ஓட வேண்டுமானால் குழாய் சரிவாகப் போக வேண்டும். சரிவாகப் போகப்போக ஆழம் கூடும். ஓர் ஆழத்துக்கு மேல் தோண்ட முடியாது. அங்கே கிணறு வெட்டி, மோட்டார் வைத்து மேலே ஏற்றி, மறுபடி சரிவில் விடுகிறார்கள். மோட்டார் நின்றால் கிணறு நிறையும், குழாய் நிறையும், கடைசியில் யார் வீடு பள்ளத்தில் இருக்கிறதோ அவர் வாசலில் மூடி தூக்கும். பழைய ஊருக்கு இந்தக் குழாய்களைப் போட்டது 1970-களில். அன்றைக்கு வீடாக இருந்த இடத்தில் இன்றைக்கு லாட்ஜும் ஓட்டலும் கல்யாண மண்டபமும் நிற்கின்றன. மழைநீருக்கென்று மஞ்சள்நீர் கால்வாய் தனியாக இருக்கிறது. அதில் நாள்தோறும் ஓடுவதும் கழிவுநீர்தான், சாயத்தண்ணீரும் சேர்த்து. ஆகவே மழை வரும் நாளில் அதில் மழைக்கு இடமில்லை.

அடைத்துக்கொண்டால் ஆளை இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது, செய்யவும் வேண்டும். இயந்திரம்தான் வர வேண்டும். தண்ணீரை அடித்து அடைப்பை நீக்கும் வண்டி, உறிஞ்சும் வண்டி. வண்டிகள் சில, தெருக்கள் பல. இங்கேதான் எங்கள் ஊர் அரசியல் ஆரம்பிக்கிறது. மேடையில் பேசுவது வேறு. மழை விட்ட காலையில் அந்த வண்டி எந்தத் தெருவுக்குள் முதலில் திரும்புகிறது, யார் போன் செய்ததால் திரும்புகிறது என்பதைப் பார்த்தால் எந்த வார்டில் யாருக்குச் செல்வாக்கு என்று தெரிந்துவிடும். கவுன்சிலர் வேண்டும் என்று ஜனங்கள் நினைப்பதே இதற்காகத்தான்.

அந்தக் கவுன்சிலரே இல்லாமல் இந்த ஊர் ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தது. 1866-இல் ஏற்பட்ட நகராட்சி இது. எங்கள் ஊர் அண்ணாதுரை முதலமைச்சர் ஆவதற்கு வெகுகாலம் முன்பு, படிப்பை இடையில் விட்டுக் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக உட்கார்ந்த அலுவலகமும் இந்த நகராட்சிதான். 2011-இல் செவிலிமேடு பேரூராட்சியையும் ஓரிக்கை, நத்தப்பேட்டை ஊராட்சிகளையும் சேர்த்தார்கள். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகரங்களுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். நடுவில் தனி அதிகாரிகள்தான். அந்த இடைவெளியில்தான் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் தரிசனத்துக்கு எழுந்தருளினார். 2011 கணக்குப்படி 1.64 லட்சம் பேர் இருந்த ஊருக்கு ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்துபோனதாகச் சொன்னார்கள். ஊரின் தண்ணீர், கழிப்பறை, குப்பை, தடுப்புக்கட்டை எல்லாவற்றையும் அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அவர்கள் ராப்பகலாக உழைத்ததை நான் குறை சொல்லவில்லை. தன் தெருவை அடைத்துவிட்டார்களே, வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்க ஊர்க்காரனுக்கு ஓட்டுப் போட்ட ஆள் ஒருவரும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

2021-இல் மாநகராட்சி ஆனது. 51 வார்டு. மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2022 மார்ச் 4-இல் தி.மு.க.வின் மகாலட்சுமி யுவராஜ் முதல் மேயரானார். அவரைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் அல்ல, கவுன்சிலர்கள். மறைமுகத் தேர்தலில் அப்படித்தான். ஏப்ரலில் சொத்து வரி ஏறியது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வீட்டுக்குள்ளேயே தறி வைத்திருப்பவருக்கு நீளமான வீடு வேண்டும். நீளம் கூடினால் அடி கூடும், அடி கூடினால் வரி. அந்த மாதம் எனக்கு நல்ல வருமானம். சந்தோஷமான வருமானம் என்று சொல்ல மாட்டேன்.

2024 ஜூலையில் இங்கே வேறு மாதிரி மழை. மேயர் மேல் நம்பிக்கை இல்லை என்று கவுன்சிலர்கள் பலர் கையெழுத்துப் போட்டார்கள். சொந்தக் கட்சிக்காரர்களும் அதில் உண்டு. அதே மாதத் தொடக்கத்தில்தான் கோயம்புத்தூர் மேயரும் திருநெல்வேலி மேயரும் ராஜினாமா செய்திருந்தார்கள். இங்கே ஜூலை 29-ஆம் தேதி வாக்கெடுப்பு என்று மன்றத்தைக் கூட்டினால், கவுன்சிலர்கள் வரவில்லை. தீர்மானம் தோற்றதாகக் கமிஷனர் அறிவித்தார். சட்டப்படி மேயரை இறக்க ஐந்தில் நான்கு பங்கு வேண்டும். எங்கள் மன்றத்தில் அது 41 பேர். ஐம்பத்தொன்றில் நாற்பத்தொன்று என்பது லேசில் சேராத கூட்டம். மாதம் ஒரு தடவை மேயரை மிரட்டிக் காரியம் சாதிக்க முடியாமல் அந்த எண்ணிக்கை காக்கிறது, அது நல்லதுதான். ஆனால் இறக்கவும் முடியாமல், ஒத்துப்போகவும் முடியாமல் ஒரு மன்றம் உட்கார்ந்திருந்தால், தெருவிளக்குக்கும் குழாய்க்கும் தீர்மானம் யார் போடுவது? மேயர் சரியா கவுன்சிலர்கள் சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் நான் மனு எழுதியிருக்கிறேன்.

ஊர்க் கணக்கை யார் பார்ப்பது என்பதற்குப் பழைய கதை ஒன்று. சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டு. காஞ்சிபுரத்து ஊரகம் பெருமாள் கோயிலைப் பற்றியது. கோயில் காரியத்தையும் கணக்கையும் பார்க்கும் பொறுப்பை அதில் நெசவாளர் சேரிகளில் இருந்தவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைச் சரிபார்க்க வேண்டியவர்கள் மாநகரத்தார் என்ற ஊர்ச் சபையார். அதாவது தறியில் உட்கார்ந்தவர்களே ஊர்ச் சொத்துக்குக் கணக்கும் சொன்னார்கள். இன்றைக்குத் தன் வார்டில் சாலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்க எங்கள் நெசவாளர் தயங்குகிறார். “நமக்கு எதுக்குங்க வம்பு” என்கிறார்.

கேட்க இடம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது மூன்று லட்சம் பேருக்கு மேல் இருக்கும் நகரங்களுக்கு மட்டும். தமிழ்நாடு 2022-இல் விதிகள் போட்டு, எல்லா நகரங்களிலும் வார்டு குழுவும் அதற்குக் கீழே பகுதி சபையும் வேண்டும் என்றது. அந்த ஆண்டு நவம்பர் 1-இல் பம்மலில் நடந்த முதல் பகுதி சபைக்கு முதலமைச்சரே வந்தார். பஞ்சாயத்தில் கிராம சபை மாதிரிதான். உங்கள் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதில் பேசலாம். ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று வருஷத்துக்கு நான்கு நாள். செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள். ஊரெல்லாம் சிலைக்கு மாலை விழுகிற அன்றைக்கே இந்தக் கூட்டமும்.

மனுவுக்கும் சபைக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பிள்ளையார்பாளையத்து அம்மா கேட்டார். நான் எழுதும் மனுவில் கையெழுத்து அவருடையது மட்டும். வண்டி வந்தால் அவர் வாசலில் அடைப்பு நீங்கும். தண்ணீர் அடுத்த வீட்டு மூடியைத் தூக்கும். அடுத்த வீட்டுக்காரர் என்னிடம் வருவார். எனக்கு வியாபாரம். குழாயை மாற்று, மோட்டார் நின்றால் ஓட்ட ஜெனரேட்டர் வை, தெருவைத் தோண்டினால் பாவு நீட்டும் நாட்களைக் கேட்டுத் தோண்டு என்பதையெல்லாம் ஒரு வீட்டுக்காரர் கேட்டால் எடுபடாது. தெரு முழுக்க உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பச்சையப்பன் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் நெசவாளர் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். தறியில் உட்கார அவர்களுக்கு இஷ்டமில்லை, அதை நான் தப்பென்று சொல்லவில்லை. பதினெட்டு முடிந்து ஓட்டுரிமை வந்தவர்கள்; சபையில் எழுந்து நின்று நாலு வார்த்தை கோர்வையாகப் பேச அவர்களால் முடியும். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

போகிறவர்களுக்கு என் தொழில் யோசனை. தெருவின் பெயரோடு மேன்ஹோல் எந்த வீட்டு எதிரில் என்பதையும் சொல்லுங்கள். மூடி தூக்கிய தேதியைக் குறித்து வையுங்கள். போட்டோ இருந்தால் நல்லது. ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலோடு எழுந்து வராமல், யார், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். நீங்கள் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே பாருங்கள். ஏறவில்லை என்றால் என்னிடம் வாருங்கள். அதற்கும் ஒரு மனு இருக்கிறது.