கால்குலேட்டர் வாங்குமுன்

பள்ளி திறக்கும் காலம் வந்தால் நம் சங்கக் குடும்பங்களில் ஒரு கேள்வி சுற்றி வரும்: "பிள்ளைக்கு எந்த சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கலாம்?" எனக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. பெருமைப்படக்கூடிய அனுபவம் என்று சொல்ல முடியாது.

என் அண்ணன் மகன் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தபோது அவனுக்குக் கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தவள் நான்தான். தேர்வுக் கழகம் வெளியிடும் அனுமதிப் பட்டியலைப் பார்த்து, அதில் உள்ள மாடலையே வாங்கினேன். இங்கே ஓ லெவல் கணக்கில் இரண்டு தாளுக்கும் அதைப் பயன்படுத்தலாம். நான்கு வருடம் அது அவன் கையை விட்டு இறங்கவில்லை.

2023-ல் அண்ணன் குடும்பத்தோடு திருப்பதிக்கே திரும்பிவிட்டார். பையன் அங்கே இன்டர்மீடியட்டில் எம்.பி.சி. எடுத்தான். முதல் வாரத் தேர்வு முடிந்த அன்றே எனக்குப் போன். "அத்தை, எல்லாக் கணக்கும் தெரியுது. ஆனா பெருக்கி வகுக்க வரமாட்டேங்குது. பாதிதான் போட்டேன்."

அவனைக் குறை சொல்ல முடியாது. ஆந்திரப் பொறியியல் நுழைவுத் தேர்வில் 180 நிமிடத்தில் 160 கேள்வி. ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட முழுசாக ஆகாமல் முடித்தால்தான் திரும்பிப் பார்க்க நேரம் மிஞ்சும். ஜே.இ.இ. மெயினிலும் சரி, அங்கேயும் சரி, கால்குலேட்டரை அறைக்குள் கொண்டுபோக முடியாது. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய சாதனம் அலமாரிக்குப் போயிற்று. இரண்டு வருடம் முன்பே 'இந்தப் பிள்ளை எந்தத் தேர்வு எழுதப்போகிறான்?' என்று அண்ணனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கைக்கணக்கை அப்போதே பழக்கியிருக்கலாம்.

அந்தக் கோடை விடுமுறைக்கு நானும் என் மகளும் சித்தூரில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். அவனும் திருப்பதியிலிருந்து வந்து சேர்ந்தான். அப்பா லாக் டேபிள் காலத்து மனிதர். அட்டை கிழிந்த கிளார்க்ஸ் டேபிள் இன்னும் அவர் பெட்டியில் இருக்கிறது. பேரனைத் திண்ணையில் உட்கார வைத்து அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தோராயமா எவ்வளவு வரும்? அதை முதல்ல சொல்லு."

8.314-ஐ 300-ஆல் பெருக்கப் பையன் பேப்பர் தேடினான். "8.314-ஐ மூணில் இருபத்தஞ்சுன்னு வெச்சுக்கோ. 2500 ஆச்சா? உண்மை விடை 2494. நாலு விடையில சரியானதைப் பொறுக்க இது போதாதா?" என்றார். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தாளில் கால்குலேட்டர் கூடாது, பை-க்கு 22/7 வைத்துக்கொள் என்று போட்டிருக்கும். அதனால்தான் வட்டத்தின் ஆரம் 7, 14, 3.5 என்றே வந்துகொண்டிருக்கும். கேள்வி எழுதுகிறவர் ஏழு அடிபடும்படி எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். இது பிடிபட்டபின் அவனுக்குப் பாதி பயம் போய்விட்டது.

என் மகளுக்கும் அங்கே ஒரு பாடம் கிடைத்தது. அவள் தன் கால்குலேட்டரில் சைன் 30 போட்டு, மைனஸ் 0.988 என்று கூசாமல் எழுதிவிட்டாள். "சைன் 30 அரை ஆச்சே கண்ணு!" என்று தாத்தா தலையில் அடித்துக்கொண்டார். இயந்திரம் டிகிரியில் இல்லாமல் ரேடியனில் இருந்திருக்கிறது. திரையின் மேலே சின்னதாக ஓர் 'ஆர்' எழுத்து, யார் கவனிக்கிறார்கள்? அதேபோல மைனஸ் 3-ஐ அடைப்புக்குறி போடாமல் வர்க்கப்படுத்தினால் மைனஸ் 9 என்றுதான் காட்டும். அது இயந்திரத்தின் பிழை அல்ல.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் முதலில் பிள்ளையின் தேர்வு விதியைப் படியுங்கள். இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. கணக்கில் மூன்று தாள். முதல் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது, மற்ற இரண்டுக்கு உண்டு. இங்கே பி.எஸ்.எல்.இ.யிலும் முதல் தாள் கைக்கணக்குத்தான். கால்குலேட்டர் உண்டு என்றால், பின்னத்தைப் புத்தகத்தில் உள்ளபடியே காட்டும் மாடல் நல்லது. சூரிய ஒளியும் பட்டன் பேட்டரியும் சேர்ந்து ஓடுவதாக இருக்கட்டும். விலை மலிவு என்று போலி மாடலை வாங்காதீர்கள். தேர்வுக்கு முந்தின வாரம் புதிது வாங்குவதைப் போல மடத்தனம் வேறில்லை.

நடுவில் ஒரு வேடிக்கை. ஜே.இ.இ. மெயின் 2026-க்கான அறிவிப்புக் கையேட்டில், கணினித் திரையிலேயே கால்குலேட்டர் இருக்கும் என்று ஒரு வரி வந்தது. அப்போது இன்டர் இரண்டாம் ஆண்டில் இருந்த பையனின் தங்கை வீட்டில் ஒரே ஆட்டம். சில நாளிலேயே அது அச்சுப்பிழை, அப்படி வசதி எதுவும் இல்லை என்று தேர்வு முகமை தெளிவுபடுத்திவிட்டது. தாத்தாவுக்குத்தான் பரம சந்தோஷம்.

பையன் 2025-ல் திருப்பதியிலேயே இன்ஜினீயரிங் சேர்ந்தான். அங்கே கால்குலேட்டர் வேண்டுமாம். பழையது சரிவர வேலை செய்யவில்லையாம். இந்தமுறை கல்லூரி விதியை அனுப்பச் சொல்லி, புரோகிராம் செய்ய முடியாத வகைதான் வேண்டும் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, கேசியோவின் புது 991சிடபிள்யூ வாங்கி அனுப்பினேன். பெட்டியைப் பிரித்த உடனே போன்.

"அத்தை, இதுல சமக்குறி பட்டனையே காணோமே!"

அதற்குப் பதிலாக 'எக்ஸ்ஈ' என்று ஒரு பட்டன் இருக்கிறது, பழகிக்கொள் என்றேன். செமஸ்டருக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது.