மிச்சம் யார் தட்டில்?

சென்ற மாதம் நம் சங்கத்து மகளிர் சந்திப்பில் மளிகைச் செலவைப் பற்றிப் பேச்சு வந்தது. விலைவாசியைத் திட்டித் தீர்த்த பிறகு, "பதினோரு பேருக்குச் சமைத்தவர் நீங்கள். எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதிக் கொடுங்களேன்" என்று சகோதரிகள் கேட்டார்கள். பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதிப் பழகிய கை இது. கட்டுரை எழுதுவது புதிது. குறையிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

1990களில் டோம்பிவிலியில் எங்களுக்கு எதிரெதிரே இரண்டு சிறிய வீடுகள். ஆனால் அடுப்பு ஒன்றுதான். அத்தை, மாமா, நாங்கள் நால்வர், பெரிய கொழுந்தன் குடும்பத்தில் நால்வர், கல்யாணமாகாத சின்னக் கொழுந்தன், ஆக 11 பேர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆண்களில் இருவர் காலை லோக்கலைப் பிடிக்க ஓடுவார்கள். ஒருவருக்கு ஷிப்டு வேலை. எந்த இரவு யார் எத்தனை மணிக்கு வந்து சாப்பிடுவார்கள் என்பது அந்த ரயிலுக்கே வெளிச்சம்.

மாதம் பிறந்தால் வாணி கடைக்குப் பட்டியல் போகும். போன மாதப் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதியதாக இருக்கும் அது. அரிசி மட்டும் 55 கிலோ. இரவு உலைக்கு மூன்றரை உழக்கு. எங்கள் உழக்கில் தலைதட்டி அளந்தால் ஏறத்தாழ 275 கிராம் பிடிக்கும். வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று அதற்கு மேலும் ஒரு கை விழும். "கொஞ்சம் அளந்து போடலாமே அத்தை" என்று ஒரு முறை சொல்லிவிட்டேன். "சோத்தை அளந்தா போடுவாவ?" என்று கேட்டார்கள். அத்துடன் என் வாய் மூடிக் கொண்டது.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ரேஷன் கடை வரிசையில் நின்று குடும்பம் நடத்தியவர்கள். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுக் கொடுக்கும்படி நாட்டைக் கேட்டுக் கொண்டபோது, திங்கட்கிழமை இரவு அடுப்பு மூட்டாதிருந்த வீடு எங்கள் மாமியார் வீடு. அந்தத் தலைமுறைக்குச் சோறு நிறைந்த பானையைப் பார்ப்பதே ஒரு நிம்மதி. அதே சமயம் ஒரு பருக்கையைக் குப்பையில் போடவும் கை வராது.

இந்த இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்தால் மிச்சம் எங்கே போகும்? அதற்கு விடை 1998-இல் ஒரு டாக்டரின் அறையில் கிடைத்தது.

டாக்டர் கேட்ட கணக்கு

அத்தைக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போயிற்று. மாத்திரை கூடியும் இறங்கவில்லை. "என்ன சாப்பிடுகிறார்கள்?" என்று டாக்டர் கேட்டார். "ரெண்டு கரண்டி சோறுதான். எங்க வீட்ல ஒரு பருக்கை வீணாப் போகாது" என்று அத்தை பெருமையாகச் சொன்னார்கள். நான்தான் இந்தியில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஒரு வாரம் வாயில் போடுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

எழுதினேன். காலையில் பிள்ளைகள் கடித்து வைத்த இட்லித் துண்டுகள். பகலில் டப்பாவில் திரும்பி வந்த சப்பாத்தி. நான்கு மணிக்கு, ஊசிப் போவதற்குள் முடிக்க வேண்டுமே என்று ஒரு கிண்ணம் பொரியல். இரவு எல்லோரும் படுத்த பிறகு, பானையில் மிஞ்சிய சோற்றில் குழம்பின் அடி. எழுத எழுத எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அத்தைக்கு எதிரே உட்கார்ந்து அதே மிச்சத்தை நானும் கொழுந்தன் மனைவியும் தின்று கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் சோறு வீணாகாதது உண்மைதான். அது மூன்று பெண்களின் வயிற்றில் போய்க் கொண்டிருந்தது.

பசிக்காத வயிற்றில் போட்ட சோறும் வீணான சோறுதான். குப்பைக் கூடையில் போட்டால் பாத்திரமாவது காலியாகும். வயிற்றில் போட்டால் மருந்துக் கடைக்கும் பணம் கட்ட வேண்டும்.

நான் செய்த தவறு

கணக்குப் பிடிபட்டதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. மறுநாளே இரவு உலையை மூன்றரையிலிருந்து இரண்டரை உழக்காக்கினேன். மூன்று நாள் பானை துடைத்த மாதிரி இருந்தது. எனக்கு ஒரே பெருமை. நான்காம் நாள் ஷிப்டு முடிந்து சின்னக் கொழுந்தன் பதினொன்றரைக்கு வந்தான். பானையில் ஒரு கரண்டிச் சோறு கூட இல்லை. அத்தை தன் தட்டை அப்படியே அவன் பக்கம் நகர்த்தி, "நீ சாப்பிடுப்பா, எனக்கு இன்னிக்கு விரதம்" என்றார்கள். அன்று எந்த விரதமும் இல்லை. சர்க்கரை மாத்திரை போட்டுக் கொண்டவர்கள் பட்டினி கிடக்கவே கூடாது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிக்கனம் வேறு, குறைத்துப் போடுவது வேறு என்று அன்று தெரிந்து கொண்டேன். அளக்க வேண்டியது டப்பாவையும் உலையையும். சாப்பிடுகிறவரின் தட்டை ஒருபோதும் அளக்கக் கூடாது. அதற்குப் பிறகு நாங்கள் மெல்ல மெல்ல ஏற்படுத்திக் கொண்ட வழக்கங்களைச் சொல்கிறேன்.

தலையை எண்ணுங்கள்

பெரிய குடும்பத்தில் மிச்சம் விழுவதற்கு முதல் காரணம், சாப்பிடுகிறவர் எத்தனை பேர் என்று சமைக்கிறவருக்குத் தெரியாததுதான். சமையலறைக் கதவில் பிள்ளைகளின் பழைய சிலேட்டு ஒன்றை மாட்டினோம். பதினோரு பெயர், பகல், இரவு என்று கட்டங்கள். நாளைக்கு வெளியே சாப்பிடுகிறவர்கள் படுக்கும் முன் தங்கள் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். ஆண்கள் முதலில் கேலி செய்தார்கள். பிள்ளைகள்தான் விரட்டி விரட்டிக் கோடு போட வைத்தார்கள். ஒரு மாதத்தில் மாமாவே சாக்பீஸ் தேடும் அளவுக்கு வந்துவிட்டது.

உலை அரிசியை வாரத்துக்கு ஒரு கைப்பிடி என்றுதான் குறைத்தோம். தாமதமாக வருகிறவருக்கு முதலிலேயே தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்தோம். ஆறு மாதத்தில் 55 கிலோ 49 கிலோ ஆயிற்று. யாரும் பசியோடு எழுந்திருக்கவில்லை.

"யாராவது வந்துவிட்டால்?" என்ற அத்தையின் கேள்விக்கும் பதில் வேண்டுமே. தோசை மாவு, வறுத்த ரவை, அவல் இவை மூன்றும் என்றைக்கும் வீட்டில் இருக்கும்படி பார்த்துக் கொண்டோம். நான்கு பேர் திடீரென்று வந்தாலும் இருபது நிமிடத்தில் இலை போடலாம். விருந்தாளி வராத நாளில் எதுவும் மிஞ்சாது. அத்தை முழு மனதோடு ஒப்புக் கொண்டது இதைத்தான்.

பட்டியலுக்கு முன் டப்பாவைப் பாருங்கள்

மாதக் கடைசியில் ஒரு நாள் எல்லா டப்பாவையும் திறந்து, இருப்பதை நோட்டில் எழுதினோம். முதல் தடவை பார்த்தபோது வெந்தயம் ஒன்றரைக் கிலோ! பெருங்காயம் பிரிக்காமல் மூன்று. மூலையில் ஒரு பொட்டலம் கடலைமாவு, வண்டுகளின் குடியிருப்பாக. ஒரு மாதத்துக்கு என்ன வேண்டும், கையில் என்ன இருக்கிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இனி பட்டியல் என்று முடிவாயிற்று.

புதுச் சாமானைப் பழையதன் மேல் கொட்டாதீர்கள். அடியில் கிடக்கும் பழசு கெட்டு, புதியதையும் கெடுக்கும். பழையதை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, டப்பாவைத் துடைத்துக் காயவைத்து, புதியதை அடியிலும் பழையதை மேலிலும் போட வேண்டும். பாக்கெட்டுகளில் தேதியைப் பார்த்துப் பழையதை முன்னால் வையுங்கள். "இதற்கு முன் சிறந்தது" என்ற தேதி சுவையும் மணமும் குறையத் தொடங்குவதைக் குறிக்கும். அது தாண்டிய மறுநாளே பொருள் விஷமாகி விடாது. "இதற்குள் பயன்படுத்தவும்", "காலாவதி" என்று போட்டிருந்தால் அது வேறு. அந்தத் தேதிக்குப் பின் சாப்பிடக் கூடாது.

மழைக் காலம்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம். மராத்திக் குடும்பங்கள் மே மாத வெயிலில் தானியத்தை உலர்த்தி வைத்துக் கொள்வதைப் பக்கத்து வீட்டில் பார்த்துக் கற்றுக் கொண்டோம். துவரம் பருப்பு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவி, உலர்த்தி மூடி வைத்தால் வண்டு எளிதில் அண்டாது. சமைக்கும்போது வெந்நீரில் கழுவினால் போதும். அரிசியை நேர் வெயிலில் காய வைத்தால் குருணையாக உடையும். நிழல் காற்றே நல்லது. ரவையை வாங்கிய அன்றே வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்து மூடுங்கள். மாவு வகைகளை மழை நாளில் சிறுகச் சிறுக வாங்குங்கள். சிலர் அரிசியில் போரிக் பவுடர் கலப்பார்கள். அது உடம்புக்கு ஆகாது. வேண்டாம்.

எதைக் காப்பாற்றலாம், எதைக் காப்பாற்றக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வண்டு விழுந்த அரிசியைப் புடைத்துக் கழுவிச் சமைக்கலாம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை மனது கேட்காமல் துடைத்து வறுத்து வைக்காதீர்கள். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதும் போகாது. வடித்த சோறும் அப்படியே. அறைச் சூட்டில் வெகுநேரம் கிடந்தால் கிருமி பெருகி நஞ்சை விடும். மறுபடி சுடவைப்பதால் அந்த நஞ்சு நீங்காது. மறுநாளைக்கு வேண்டுமென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

மிச்சத்தைப் பங்கிடுங்கள்

எவ்வளவு அளந்தாலும் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். எங்கள் ஊரில் பண்டிகைக்கு மறுநாள், மிஞ்சிய குழம்பையும் காய்களையும் ஒன்றாகப் போட்டுச் சுண்ட வைத்துச் சுண்டக்கறி செய்வார்கள். அந்தக் குழம்புக்குப் போட்டி நடக்கும்! அதே போல மிஞ்சிய சோறு மறுநாள் எலுமிச்சம் சோறாகும், பருப்பு சப்பாத்தி மாவில் சேரும். முக்கியமான விதி ஒன்றுதான்: மிச்சத்தைக் கொண்டு செய்தது எல்லாருடைய தட்டிலும் சமமாக விழ வேண்டும். பெண்கள் மட்டும் கடைசியில் உட்கார்ந்து வழித்துச் சாப்பிடுவது என்ற வழக்கத்தை நிறுத்தினோம். எல்லோரும் பங்கிட்டபோதுதான், "ஏன் இவ்வளவு மிஞ்சுகிறது?" என்று ஆண்களுக்கும் கேட்கத் தோன்றியது.

அத்தையின் சர்க்கரை இதனால் மட்டும் இறங்கியது என்று சொல்ல மாட்டேன். மருந்தும் நடையும் கூட இருந்தன. ஆனால் ஒன்பது மணிக்கே சாப்பிட்டு முடித்து, காலி பானையைப் பார்த்து நிம்மதியாகப் படுக்கப் போகும் அத்தையைக் கண்ணால் பார்த்தேன். "இன்னிக்கு நான் முடிக்க ஒண்ணுமில்லையே" என்று சிரித்தார்கள்.

இன்று

அத்தை இப்போது இல்லை. சிலேட்டு உடைந்து வெகு காலமாயிற்று. வீட்டில் மறுபடி ஒன்பது பேர். என் மருமகளின் கைபேசியில் ஒரு தட்டு தட்டினால் பத்து, பதினைந்து நிமிடத்தில் கொத்தமல்லிக் கட்டு வாசலில் நிற்கிறது. வசதிதான். ஆனால் 'வீட்டில் இருக்கிறதோ இல்லையோ' என்ற சந்தேகத்திலேயே வாங்கி விடுகிறோம். அன்று மாதம் ஒரு முறை செய்த தவறை இன்று தினம் செய்கிறோம்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 விழுக்காடு வீடுகளில். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தோல், கொட்டை முதலியவையும் இதில் சேர்த்தி. என் பேரன் இதைப் படித்துக் காட்டியபோது பதினோரு பேருக்குப் பெருக்கிப் பார்த்தேன். 605 கிலோ. எங்கள் குப்பைக் கூடை அவ்வளவு கண்டதில்லை. ஆனால் மூன்று பெண்கள் பசியில்லாமல் தின்றதை யார் எடை போட்டார்கள்?

இன்றிரவு உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின் சமையலறையை ஒரு முறை எட்டிப் பாருங்கள். பானையில் என்ன மிஞ்சியிருக்கிறது, அது யார் தட்டில் விழுகிறது என்று கவனியுங்கள். அதே தட்டு தினமும் என்றால், நாளைக்கே கதவில் ஒரு சிலேட்டை மாட்டுங்கள்.