சொல்லை மாற்றினால் சொந்தமாகிவிடுமா?

இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றை எடுத்து, வரிக்கு வரி சொல்லை மாற்றித் தன் பெயரில் வெளியிடுவது இன்று சில நிமிட வேலை. இதில் சட்டச் சிக்கலே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை.

தகவலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ரூரல் என்ற நிறுவனத்தின் தொலைபேசி விவரத் திரட்டிலிருந்து பெயர்களையும் எண்களையும் ஃபைஸ்ட் என்ற பதிப்பகம் எடுத்துக்கொண்டது. நகலெடுப்பவரைப் பிடிக்கவென்றே ரூரல் நுழைத்திருந்த 4 பொய்ப் பதிவுகளும் ஃபைஸ்டின் புத்தகத்தில் அப்படியே இருந்தன. கையும் களவுமாகப் பிடிபட்டும், 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஃபைஸ்டே வென்றது. அகர வரிசைப் பட்டியலில் படைப்பாற்றல் எதுவும் இல்லை என்றது தீர்ப்பு.

நம் உச்ச நீதிமன்றம், தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனியின் வழக்கில் 2007 டிசம்பரில் இன்னும் நுட்பமாகக் கோடு கிழித்தது. தீர்ப்புகளின் மூல வாசகத்தை யாரும் வெளியிடலாம். ஆனால் பதிப்பாசிரியர்கள் அதைப் பத்தி பிரித்து எண்ணிட்ட முறையும், எந்த நீதிபதி உடன்பட்டார், எவர் மாறுபட்டார் என்று காட்டிய குறிப்புகளும் அவர்களுக்கே உரியவை. அவற்றை எடுக்கக் கூடாது.

சொல் மாற்றுகிறவர் சிக்குவது இங்கேதான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பை மாற்றியும் வரிசை மாற்றியும் பயன்படுத்துவதைத் தழுவல் என்கிறது. அந்த உரிமை ஆசிரியருடையது. மொழிபெயர்ப்பு உரிமையும் அப்படியே. மூலத்தையும் புதியதையும் படிப்பவருக்கு இது அதன் நகல் என்று ஐயமின்றித் தோன்றினால் அது மீறல் என நம் உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

விக்கிப்பீடியா தாராளமானது, விற்கவும் அனுமதிக்கிறது. ஆனால் மூலத்தைச் சொல்ல வேண்டும், மாற்றியதைக் குறிப்பிட வேண்டும், மாற்றிய கட்டுரையையும் அதே உரிமத்தில் பிறருக்குத் தர வேண்டும். ஒரு வரியில் முடிகிற இந்தக் குறிப்பைக்கூடப் பலர் போடுவதில்லை. மூலம் தெரியாமல் இருப்பதற்காகவே சொல்லை மாற்றுகிறார்கள் என்பதே என் எண்ணம்.

எனக்குப் பெரிய கவலை சட்டம் எட்டாத இடத்தில். தகவலை மட்டும் எடுத்து முற்றிலும் புதிதாக எழுதுபவர் குற்றவாளி அல்லர். ஆனால் அவர் சான்றுக் குறிப்புகளை உதிர்த்துவிடும்போது, சரிபார்க்கும் வழியும் வாசகருக்கு அடைபடுகிறது. மூலத்தில் ஓர் ஆண்டு தவறாக இருந்தால் அது பத்துத் தளங்களில் பத்து நடைகளில் வெளியாகிறது. பிறகு யாரோ நல்லெண்ணத்தோடு அந்தத் தளங்களில் ஒன்றையே கலைக்களஞ்சியக் கட்டுரைக்குச் சான்றாகச் சேர்க்கிறார். அதுவரை ஐயத்துக்குரியதாக இருந்த ஆண்டுக்கு இப்போது ஆதாரமும் வந்துவிடுகிறது.