மயக்க மருந்து கொடுத்தால் இதயம் தூங்குமா?

பதினொன்றாம் வகுப்பில் தசைச் சுருக்கம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, மயக்க ஊசி போட்டால் உடம்பே அசையாமல் போய்விடுகிறது. இதயம் மட்டும் எப்படித் தூங்காமல் இருக்கிறது?" என்று கேட்டார். "அந்த மருந்து மூளையில்தான் வேலை செய்யும், இதயத்துக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அடுத்த வாரம் அவருடைய அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை என்பது இடைவேளையில்தான் தெரிந்தது. நான் சொன்னதில் பாதி தவறு என்பது அன்றிரவு புத்தகங்களைப் புரட்டியபோது தெரிந்தது.

மறுநாள் ரிங்கரிலிருந்து தொடங்கினேன். சிட்னி ரிங்கர் லண்டன் மருத்துவர். தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்தவர். காய்ச்சி வடித்த நீரில் கரைசல் செய்ததாக நம்பி 1882இல் முடிவுகளை வெளியிட்டார். உண்மையில் பயன்பட்டது குழாய்த் தண்ணீர். வடித்த நீரில் மீண்டும் செய்தபோது இதயம் சீக்கிரமே ஓய்ந்தது. குழாய் நீரில் இருந்த கால்சியம்தான் வேறுபாடு என்று கண்டு, 1883இல் தம் பிழையைத் தாமே திருத்தி எழுதினார். மருத்துவமனையில் ஏற்றும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டிலில் இருப்பது அவர் பெயர்தான் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

எலும்புத் தசை, செல்லுக்குள் சேமித்த கால்சியத்தைக் கொண்டே சுருங்கிவிடும். இதயத் தசைக்கு அது போதாது. ஒவ்வொரு துடிப்பின்போதும் வெளியிலிருந்து சிறிதளவு கால்சியம் செல்லுக்குள் நுழைய வேண்டும். அந்தச் சிறிதளவுதான் உள்சேமிப்பைத் திறந்துவிடுகிறது. கால்சியம் ட்ரோபோனினுடன் இணைந்த பிறகே ஆக்டினும் மயோசினும் பற்றிக்கொள்கின்றன. கால்சியம் குறைந்தால் சுருக்கத்தின் வலிமையும் குறையும்.

மயக்க மருந்துகள் சில கைவைப்பது இங்கேதான். ஹாலோத்தேன் போன்ற மூச்சுவழி மருந்துகள் கால்சியம் நுழையும் வழியைக் குறுக்குகின்றன. உள்சேமிப்பிலிருந்து வெளிவருவதையும் குறைக்கின்றன. அளவு கூடக் கூட இதயம் தளர்வாகச் சுருங்கும். மருந்து வெளியேறியதும் பழைய நிலைக்குத் திரும்பும். ஹாலோத்தேனுக்குப் பின் வந்த ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் ஆகியவற்றில் இந்தத் தளர்ச்சி குறைவு. இன்று பரவலாகப் பயன்படும் புரோப்போஃபால் ஊசி ரத்த அழுத்தத்தை இறக்குவது பெரும்பாலும் ரத்தக் குழாய்களை விரியச் செய்வதால்தான்.

கெட்டமின் விசித்திரமானது. தனியாக எடுத்த இதயத் தசையில் அது சுருக்கத்தைக் குறைக்கும். முழு உடலிலோ பரிவு நரம்புகளைத் தூண்டி, துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். நெடுநாள் நோயால் அந்த நரம்பு மண்டலம் களைத்துப்போனவரிடம் மட்டும் மறைந்திருந்த தளர்ச்சி வெளிப்படலாம். ஒரே மருந்து இருவரிடம் இருவிதமாக நடந்துகொள்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படியானால் இதயம் ஏன் நிற்பதில்லை? துடிப்பைத் தொடங்கிவைப்பது மூளை அல்ல, இதயத்திலேயே உள்ள சைனோ ஆரிக்குலார் கணு. என் முதல் பதிலில் சரியாக இருந்தது இந்த ஒன்றுதான். நல்ல இதயத்துக்குச் சிறிது தளர்ச்சியைத் தாங்கும் இருப்பு உண்டு. ஏற்கெனவே பலவீனமான இதயத்தில் அந்த இருப்பு குறைவு. அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கவியல் மருத்துவர் மூச்சு வாங்குகிறதா, மாடி ஏற முடிகிறதா என்றெல்லாம் கேட்பதும், தேவைப்பட்டால் இ.சி.ஜி., எக்கோ எடுக்கச் சொல்வதும் அதை அறியத்தான். பிறகு மருந்தை அளந்து கொடுத்து, துடிப்பையும் அழுத்தத்தையும் இடைவிடாது பார்த்துக்கொண்டிருப்பார்.

வகுப்பு முடிந்ததும் அந்த மாணவர் வந்தார். "அம்மா பி.பி. மாத்திரை சாப்பிடுறாங்க ஐயா. டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிடுவார்களோ என்று பயம்" என்றார். மாத்திரை அட்டையையே கையில் எடுத்துப் போகச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அம்மா வீடு திரும்பிவிட்டதாகச் சொன்னார். மருத்துவர் அட்டையை வாங்கிப் பார்த்து, இரண்டு மாத்திரைகளில் ஒன்றை அறுவை சிகிச்சை அன்று காலை சாப்பிட வேண்டாம் என்றாராம். "அது எதனால் ஐயா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. இம்முறை நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.