வீட்டு ஊடக வழங்கியைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டு ஊடக வழங்கி என்பது ஒரு குடும்பத்தின் திரைப்படங்கள், பாடல்கள், ஒளிப்படங்கள், விழாக் காணொளிகள் ஆகியவற்றை ஓரிடத்தில் சேமித்து, வீட்டு வலையமைப்பின் வழியாகத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் அனுப்பும் சிறு கணினியாகும். இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பது இதன் இயல்பு. ஆகவே மேசைக் கணினி வாங்கும்போது முதலில் கேட்கப்படும் வேகம் இங்கே பின்னுக்குப் போய், ஓசையும் மின்செலவும் முன்னுக்கு வருகின்றன.

இதற்கான மென்பொருள்களில் பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. எம்பி தன் மூல நிரலை மூடிக்கொண்டபோது, அதிலிருந்து கிளைத்துத் திறந்த மூல மென்பொருளாக 2018-இல் உருவானதே ஜெல்லிஃபின். இதை நிறுவ உரிமக் கட்டணம் எதுவும் இல்லை.

உருமாற்றம் தேவையா?

எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த ஒன்றில் அடங்கியுள்ளது. காணொளிக் கோப்பு எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளதோ அதைத் தொலைக்காட்சியே விரித்துக் காட்ட முடிந்தால், வழங்கி கோப்பை எடுத்துக் கொடுப்பதோடு சரி. நூலகத்தில் புத்தகத்தை எடுத்துத் தருவது போன்ற வேலை அது. மிக எளிய கணினியும் இதைச் செய்யும். தொலைக்காட்சிக்கு அந்த முறை புரியாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே வழங்கி அதை வேறு முறைக்கு மாற்றியாக வேண்டும். இதை டிரான்ஸ்கோடிங் என்பர். புத்தகத்தைப் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்துக்கொண்டே கொடுப்பதற்கு ஒப்பானது. செயலி சூடேறுவதும் விசிறி இரைவதும் இப்போதுதான்.

தமிழ்த் துணையுரைகளோடு படம் பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. சில தொலைக்காட்சிகளில் தமிழ் எழுத்துரு இருப்பதில்லை. எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தெரியும். அல்லது ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் இடம் பெயர்ந்து நிற்கும். அப்போது துணையுரையைப் படத்தின் மீதே பதித்து அனுப்பும்படி வழங்கியைப் பணிக்க வேண்டியிருக்கும். படத்தில் பதிப்பது என்றாலே முழுக் காணொளியும் உருமாற்றம் பெற வேண்டும். இரண்டு வரி எழுத்துக்காக இவ்வளவு உழைப்பா என்று தோன்றலாம். ஆனால் நடப்பது அதுதான்.

இன்டெல் செயலிகள் பலவற்றில் இவ்வேலைக்கென்றே குவிக் சிங்க் என்னும் தனிச் சுற்று 2011 முதல் இடம்பெற்று வருகிறது. 2023-இல் வெளிவந்த என்100 என்ற மலிவான செயலியிலும் அது உள்ளது. உள்ளங்கை அகலமே உள்ள பல சிறு கணினிகள் இச்செயலியைக் கொண்டு விற்கப்படுகின்றன. 6 வாட் என்று குறிப்பிடப்படுவது செயலியின் வெப்ப அளவு மட்டுமே. முழுக் கணினி மின் இணைப்பிலிருந்து எடுப்பது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ராஸ்பெரி பை இன்னும் சிறியது. அதன் ஐந்தாம் வகையில் காணொளியைச் சுருக்கி எழுதும் வன்பொருள் சுற்று இல்லை. எனவே உருமாற்றம் தேவைப்படாத வீட்டுக்கு அது போதும். தேவைப்படும் வீட்டுக்கு அது பொருந்தாது. மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியும் நல்ல வழங்கியாகும். மின்தடை வந்தாலும் அதன் மின்கலம் சிறிது நேரம் தாங்கும். ஆனால் எப்போதும் மின்னேற்றத்திலேயே இருக்கும் பழைய மின்கலம் உப்பக்கூடும் என்பதால் அவ்வப்போது திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஓசை

டெசிபெல் அளவு சாதாரண எண் வரிசை போன்றதன்று. 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு ஓசையாகக் கேட்கும். ஆகவே விளம்பரத் தாள்களில் 22, 30 என்று காணப்படும் எண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. அந்த எண் கருவி சும்மா இருக்கும்போது அளந்ததா, வேலை செய்யும்போது அளந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓசைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று விசிறி. ஒரே அளவு காற்றைத் தள்ளச் சிறிய விசிறி வேகமாகச் சுழல வேண்டும், பெரியது மெதுவாகச் சுழன்றால் போதும். அதனால் கருவி மிகச் சிறியதாக இருப்பதும் அமைதியாக இருப்பதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. விசிறியே இல்லாத, உலோகக் கூட்டின் வழியே வெப்பத்தை வெளியேற்றும் கணினிகளும் உள்ளன. மதுரை, வேலூர் போன்ற ஊர்களின் கோடையில் அவற்றை மூடிய அலமாரிக்குள் வைத்தால் வெப்பம் மீறி வேகம் குறைந்துவிடும்.

மற்றது வன்தட்டு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு நொடிக்கு 120 முறை சுழல்கிறது. அந்த அதிர்வு மேசைக்கு இறங்கினால், வீணையின் தந்தி ஓசையைக் குடம் பெருக்குவது போல மரப்பலகை அதைப் பெருக்கும். அடியில் ரப்பர்த் துண்டுகள் வைப்பது எளிய மாற்று. 5400 சுழற்சி கொண்ட 2.5 அங்குல வன்தட்டுகள் இன்னும் அமைதியானவை. திண்மநிலை வட்டில் சுழலும் பகுதியே இல்லை. ஆனால் பல டெராபைட் கொள்ளளவுக்கு அதன் விலை அதிகம். இயங்குதளத்தைச் சிறிய திண்மநிலை வட்டிலும், படங்களை வன்தட்டிலும் வைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

இவ்வளவு கணக்கும் வழங்கி கூடத்தில் இருக்கும்போதுதான். வலையமைப்புக் கம்பி எட்டினால் அதை மாடிப்படி அருகிலோ புத்தக அறையிலோ வைத்துவிடலாம். அப்போது ஓசை ஒரு பொருட்டாகாது. புளூரே வட்டில் காணொளியின் வேகம் நொடிக்கு 40 மெகாபிட் வரை செல்லும். கிகாபிட் கம்பி இணைப்புக்கு இது எளிது.

மின்செலவு

10 வாட் எடுக்கும் கருவி 60 நாள் ஓடினால் 14.4 அலகு ஆகும். 60 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினிக்கு அதே காலத்தில் 86.4 அலகு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதக் கணக்கில் முதல் 100 அலகுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதில் பெரும்பகுதியை அந்தப் பழைய கணினி ஒன்றே விழுங்கிவிடும்.

கோப்புகளின் பாதுகாப்பு

திரைப்படம் அழிந்தால் மறுபடி வாங்கலாம். தாத்தா பேசும் காணொளி அப்படியன்று. விஎச்எஸ் நாடாவை இயக்கும் கருவிகளைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் அதை நிறுத்திவிட்டது. ஆகவே பழைய திருமண நாடாவிலிருந்து ஒருமுறை எடுத்த கோப்பைத் தவறவிட்டால், மீண்டும் எடுப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது.

இரு வன்தட்டுகளில் ஒரே தகவலை எழுதும் ரெய்டு 1 முறையை மறுபடி என்று பலர் எண்ணிவிடுகின்றனர். ஒரு தட்டு பழுதானால் அது காப்பாற்றும். ஆனால் கை தவறி அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். திருட்டுக்கும் மின்னலுக்கும் இரண்டும் ஒன்றாகவே போகும். இரண்டு தட்டுகள் வாங்கப் பணம் இருந்தால், ஒன்றை வழங்கியில் வைத்து, மற்றதில் மாதம் ஒருமுறை படியெடுத்து உறவினர் வீட்டில் வைப்பதே மேல்.