முன் சக்கரம் இறுகிப் போனால்: டிஸ்க் பிரேக் பற்றித் தெரிந்துகொள்வோம்



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆவடி, பூந்தமல்லி பக்கமும் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. தண்ணீரில் நின்ற வண்டி அன்றைக்கே ஸ்டார்ட் ஆகிவிட்டால் "அப்பாடா, ஒண்ணும் ஆகலை" என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பிரேக்குக்குள் போன தண்ணீர் உடனே வேலையைக் காட்டாது. மெதுவாகத் துரு பிடித்து, சில மாதம் கழித்துத்தான் "வண்டி இழுக்க மாட்டேங்குது, தள்ளவும் முடியலை" என்று தெரியவரும். கடன் வாங்கி எடுத்த வண்டி, காலை ஷிப்டுக்குப் போகவேண்டிய வண்டி. அது எம்.டி.எச். ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் முன் சக்கரம் பிடித்து நின்றால் செலவு மட்டும் இல்லை, உயிருக்கே ஆபத்து.

முதலில் உங்கள் வண்டியில் என்ன பிரேக் என்று பாருங்கள். 2018-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியம் பெற்று நம் பெண்கள் பலர் ஸ்கூட்டர் வாங்கினார்கள். அப்படிப்பட்ட ஸ்கூட்டர்கள் பலவற்றில் இரண்டு பக்கமும் டிரம் பிரேக்தான். சக்கரத்தின் நடுவில் மூடிய டப்பா மாதிரி இருந்தால் அது டிரம். சக்கரத்தோடு சேர்ந்து பளபளவென்று ஓட்டை போட்ட தட்டு சுற்றினால் அது டிஸ்க். வீட்டுக்காரர் அல்லது மகன் ஓட்டும் பைக்கிலும், புதிதாக வரும் சில ஸ்கூட்டர்களிலும் முன்னால் இது இருக்கும்.

அந்தத் தட்டைக் கவ்விக்கொண்டு ஓர் உலோகப் பெட்டி இருக்கிறதே, அதுதான் காலிபர். அது வேலை செய்யும் விதம் ஊசி போடும் சிரிஞ்சைப் போன்றது. கைப்பிடியை அழுத்தினால் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் குழாய் வழியாக வந்து காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தட்டின்மேல் அழுத்துகிறது. கையை எடுத்ததும் பிஸ்டனை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் எதுவும் கிடையாது! பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். அதோடு பிஸ்டனும் ஒரு மயிரிழை பின்னால் போகும். அவ்வளவுதான் இடைவெளி. அதனால்தான் கொஞ்சம் துருவும் மண்ணும் சேர்ந்தாலே பிஸ்டன் திரும்பாமல் இறுகிவிடுகிறது.

பிஸ்டன் தவிர இன்னோர் இடமும் உண்டு. நம் வண்டிகளில் பெரும்பாலும் காலிபர் இரண்டு பின்களின்மேல் இப்படியும் அப்படியும் நகரும். அந்தப் பின்னை மூடும் ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீர் புகுந்து பின் துருப்பிடிக்கும். என் அனுபவத்தில் காலிபரே போச்சு என்று சொல்லப்படும் பல வண்டிகளில் குறை இந்தப் பின்னில்தான் இருக்கிறது.

இறுகிவிட்டதா என்று நீங்களே பார்க்கலாம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி, முன் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாக உரசும் சத்தம் வந்தால் பரவாயில்லை, அது இயல்பு. சுற்றவே கஷ்டமாக இருந்தால் குறை இருக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டியதும் கருகிய வாசனை, பெட்ரோல் அதிகம் குடிப்பது, ஒரு பேட் மட்டும் தேய்ந்திருப்பது, இவையும் அடையாளம். ஓட்டிவிட்டு வந்தவுடன் தட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். சூடு தணியட்டும் என்று தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், தட்டு கோணிப்போகலாம்.

குறை எங்கே என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. காலிபரில் உள்ள சிறிய நிப்பிளைக் கொஞ்சம் திருகித் தளர்த்துவார்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் உடனே சுற்றினால், அழுத்தம் திரும்ப வழியில்லாமல் உள்ளே மாட்டியிருக்கிறது. குழாய் உள்ளே ஊதியிருக்கலாம், மாஸ்டர் சிலிண்டரின் சின்ன ஓட்டை அடைத்திருக்கலாம். அப்போது காலிபரை மாற்றினாலும் பயன் இல்லை. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் சுற்றவில்லை என்றால்தான் குறை காலிபரில். நடுவழியில் இப்படித் திறந்துவிட்ட வண்டிக்கு முன் பிரேக் இருக்காது. தள்ளிக்கொண்டு போகலாம், ஓட்டக்கூடாது.

பழுது பார்க்கும்போது பின்களைக் கழற்றி நைசான உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவி, கிழிந்த உறையை மாற்றவேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் கூடாது. அந்த எண்ணெய் ஏறினால் பிரேக் ரப்பர் ஊதிப்போகும், திரும்பவும் இறுகும். மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் போட்டுக் கழுவுவதும் இதே காரணத்தால் தப்பு. இதைக் கவனிக்காமல் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று கேளுங்கள்.

பிஸ்டன் இறுகியிருந்தால், காலிபரை ஃபோர்க்கில் இருந்து கழற்றி, குழாயைக் கழற்றாமல், கைப்பிடியை மெதுவாக அழுத்தி அழுத்தி ஆயிலாலேயே வெளியே தள்ளுவது நல்லது. காற்று மெஷினால் ஊதினால் பிஸ்டன் குண்டு மாதிரி பாயும், விரல் நசுங்கும். பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் தேய்த்துப் போடக்கூடாது, புதிதுதான். நன்றாக இருந்தால் சீல் செட்டை மட்டும் மாற்றி, புது பிரேக் ஆயில் தடவிப் பொருத்தலாம். மொத்தக் காலிபரை வாங்குவதைவிட இதற்குச் செலவு குறைவு.

பிறகு புது ஆயில் ஊற்றி உள்ளே இருக்கும் காற்றை எடுக்கவேண்டும். ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கும், அதுவே வேண்டும். டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு சேராது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திறந்து வைத்த பழைய பாட்டிலை ஊற்ற விடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றினால் உள்ளே துருப்பிடிப்பதும் குறையும். பெயின்ட்மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும். ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கு இந்த வேலையைத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

வண்டியைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே கைப்பிடியை நாலைந்து முறை அழுத்துங்கள். முதல் அழுத்தில் கை உள்ளே போகும். பேட் தட்டைத் தொட்ட பிறகு கெட்டியாகும். கெட்டியாகாமல் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, எடுத்துவரவேண்டாம். சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். கழற்றிய பழைய சீல், பேட், பின் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். பில்லில் எழுதிய சாமான்களோடு அவற்றைச் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள்.